கள்ளிக்குடி வழி

மாட்டுத்தாவணியில் நேரம் எழுதுவது என் வேலை.
நாகர்கோவில் எட்டு நாற்பது,
திருச்செந்தூர் எட்டு ஐம்பத்தைந்து,
வராத வண்டிக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு.
அதனால்தான் கோதாவரி என்னைக் கூப்பிட்டாள்.
"தை இருபது ராத்திரி ஒரு நிழல் வருது.
உனக்குத்தான் வினாடி பிசகாது."

நிழல் செட்னாவினுடையது.
புளூட்டோவைக் கிரகக் கணக்கிலிருந்து இறக்கினார்களே,
அதற்கும் வெகு அப்பால்
சிவந்து கிடக்கும் ஒரு குட்டி உலகம்.
சூரிய வெளிச்சமே அங்கே போய்ச்சேரப்
பதினொன்றரை மணி நேரமாம்.
எங்கள் சென்னை வண்டி தேவலை.
ஒரு சுற்றுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் வருஷம்.
போன தடவை இவ்வளவு கிட்ட வந்தபோது
மதுரை இல்லை.
வைகை இருந்திருக்கும்,
கூப்பிடப் பெயர் இல்லாமல்.

கீழவளவில் மூடிக்கிடக்கும் குவாரி.
வெட்டியும் விலைபோகாத கல்பாளங்கள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பெயின்டில் எண்.
நானூற்றுப் பதினேழின் மேல் தொலைநோக்கியை ஏற்றினோம்.
அது பார்க்க வேண்டிய நட்சத்திரத்துக்கும் பெயரில்லை,
பத்தொன்பது இலக்கத்தில் எண் மட்டும்.
அதன் முன்னால் செட்னா கடக்கும்போது
நட்சத்திரம் அணைந்து, திரும்ப எரியும்.
செட்னாவை யாரும் பார்க்கப்போவதில்லை.

காவல்காரர் சேவுகன் டார்ச்சோடு வந்தார்.
"கல்லு எடுக்க வந்தீகளா?"
"நிழல் பிடிக்கண்ணே."
டார்ச்சை அணைத்துவிட்டு
நானூற்றுப் பத்தொன்பதில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது நாற்பது.
ரிஷபத்தின் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில்,
திரையில் ஒரு புள்ளி.
"இருக்கு," என்றாள்.
"இருக்கு.
இருக்கு."
என் கட்டைவிரல் பொத்தானின் மேல்.
இல்லை என்ற ஒரு சொல்லுக்காக
ஒரு மனிதன் இப்படிக் காத்திருக்க முடியும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.
நாற்பத்தொன்று.
"இருக்கு."
நாற்பத்திரண்டு.
"இருக்கு, இருக்கு…"
நாற்பத்தைந்துக்கு அவள் குரல் நின்றது.
நட்சத்திரம் நிற்கவில்லை,
மினுக்கிக்கொண்டே இருந்தது,
தன்னை யாரும் கேட்காததுபோல.

சுக்குக் காபி ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

பத்தரைக்குப் போன் அடித்தது.
சாத்தூரில் மருந்துக்கடை மாடியிலிருந்து இஸ்ரவேல்:
"பதினாறு வினாடி! பதினாறு!"
அவர் கத்தியது சேவுகனுக்கே கேட்டது.

கோதாவரி வரைபடத்தை விரித்தாள்.
சாத்தூரில் மறைந்திருக்கிறது, இங்கே இல்லை.
அப்படியென்றால் அந்த உலகத்தின் ஓரம்
நடுவில் எங்கோ போயிருக்கிறது.
கணக்குப் போட்டு,
பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்:
ஏறக்குறைய கள்ளிக்குடி.
"நம்ம 'இல்லை'யும் வேணும்டா.
எங்கே முடியுதுன்னு சாத்தூர் சொல்லாது."
படிவத்தில் எழுதினாள்: மறைவு, இல்லை.
சிவப்பு மை என் பையில்தான் இருந்தது.
நான் எடுக்கவில்லை.

கள்ளிக்குடி.
எட்டு நாற்பது நாகர்கோவில் வண்டி
அந்நேரம் அங்கேதான் இருக்க வேண்டும்.
வண்டிக்குள் தூக்கம், நீல விளக்கு,
ஜன்னலோரம் யாருக்கோ வாந்தி.
அதன் கூரைமேல் ஒரு உலகத்தின் விளிம்பு
வினாடிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்
உரசாமல் போயிருக்கிறது.

மறுநாள் ஓட்டுநர் ஆரோக்கியசாமியைக் கேட்டேன்,
"ராத்திரி கள்ளிக்குடிகிட்ட ஏதாச்சும்…?"
"கப்பலூர் டோல்கேட்டுல இருபது நிமிஷம் போச்சு சார்.
கள்ளிக்குடிக்கு லேட்டாத்தான் போனேன்."

ஆக அந்த வண்டியும் இல்லை.
வெறும் சாலை, கருவேலங்காடு,
ஒருவேளை ஒரு நாய்.

மாசியில் தொலைநோக்கியின் மூடியைத் தேடி
மறுபடி குவாரிக்குப் போனேன்.
சேவுகன் எடுத்து வைத்திருந்தார்.
"அன்னைக்கு வரவே இல்லையே, அது வந்துச்சா?"
"வந்துச்சு. கள்ளிக்குடி வழியா."
"அப்படிச் சொல்லுங்க," என்றார்.
"இந்த ரோடு குண்டும் குழியுமால்ல கெடக்கு."